எஃகுவேந்தனின் ஐந்து அடுக்குகள்

மனிதனை விலங்கிலிருந்து பிரித்தது நெருப்பு அல்ல, மொழி அல்ல, சக்கரமும் அல்ல. அடுக்கு. தன் தோலுக்கு மேல் இன்னொரு தோலைப் போர்த்திக்கொள்ள ஆதிமனிதன் கற்ற அந்தக் கணத்தில், வரலாறு தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றது.

பெயின்ட் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி இந்த உரையை ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் ஆற்றுவார். வரலாறு எழுந்து நின்றதோ என்னவோ, தொழிலாளர்கள் நின்றுகொண்டுதான் கேட்டார்கள். நாற்காலி போட்டால் தூங்கிவிடுகிறார்கள் என்று அவற்றை அவரே எடுக்கச் சொல்லியிருந்தார்.

"முதல் அடுக்கு பருத்தி. ரெண்டாவது ஓவரால். மூணாவது ஏப்ரன். நாலாவது கையுறை, கண்ணாடி, ஹெல்மெட். அஞ்சாவது என்ன?"

"டீ சார்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்.

"அஞ்சாவது அடுக்கு, விழிப்புணர்வு. இன்னொண்ணு. எதையும் எடுத்தோம் கவுத்தோம்னு மாட்டக்கூடாது. முதல்ல போட்டுப் பாக்கணும். சரிபாக்காம மாட்டுறவன் விபத்துக்குப் பத்திரிகை அடிச்சு வெத்தலை பாக்கு வெக்கிறான்."

தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஹெல்மெட்டு'. அவருக்கு அது தெரியும். தெரியாததுபோல் இருப்பார். உள்ளூர ஒரு பெருமையும் உண்டு. கிரீடத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் அவர் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை.

வீட்டிலும் அவர் ஆட்சிதான். குளியலறையில் வழுக்காத விரிப்பு, சுவரில் கைப்பிடி, சமையலறையில் தீயணைப்பான். நடக்கிற பாதையில் ஒரு துரும்பு கிடக்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் வாசற்கதவை ஒட்டி உள்ளே ஒரு ஜோடி பெண்கள் செருப்பு, ஒன்று நேராகவும் ஒன்று குறுக்காகவும், கிடந்தது. குறுக்காகக் கிடந்ததற்கு வார் அறுந்திருந்தது. அதில் அவர் இரண்டு தடவை தடுக்கி விழுந்திருக்கிறார். ஒரு தடவை முழங்கால் கன்றிப்போய் ஒரு வாரம் விந்தி நடந்தார். ஆலையில் அப்படி ஒரு செருப்பு கிடந்திருந்தால் அந்தப் பிரிவையே மூடச் சொல்லியிருப்பார். இங்கே அதைச் சுற்றிப் பெருக்கினார். அசைக்கவில்லை. அவருடைய மனைவி புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியூர் கிளம்பிய காலையில் கழற்றிப் போட்டது அது.

மனைவி எக்ஸ்ரே எடுப்பவள். ஊரார் எலும்பையெல்லாம் ஊடுருவிப் பார்க்கிற வேலை. வேறொரு ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் புது எந்திரங்கள் வந்திருந்தன. ஒரு வருஷம் வந்து நடத்திக்கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். சமையலறை வாசலில், கையைத் துடைத்துக்கொண்டே, "போகட்டுமாங்க?" என்று அவள் கேட்டாள்.

'போகாதே' என்று வயிற்றிலிருந்து ஒன்று கிளம்பியது. தொண்டைக்கு வந்து சேர்வதற்குள் அது உத்தியோகபூர்வ உடை உடுத்திக்கொண்டுவிட்டது.

"உன் தொழில் வளர்ச்சிக்கு நான் என்னிக்கும் குறுக்கே நிக்கமாட்டேன்" என்றார்.

சொல்லும்போது அது மிக உயர்ந்த வாக்கியமாகத் தோன்றியது. மனைவி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். படத்தில் எதுவும் சரியாக விழாதபோது நோயாளியைப் பார்ப்பாளே, அப்படி. பிறகு போய்ப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். ரயில் நிலையத்தில் அவர் அவளுக்கு ஒரு டார்ச்சும் ஒரு விசிலும் முதலுதவிப் பெட்டியும் கொடுத்தார். விசிலை எப்போது ஊதவேண்டும் என்று வண்டி நகரும்வரை விளக்கினார். வண்டி நகர்ந்த பிறகு, பிளாட்பாரத்தின் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமாகவே, கடைசிவரை நடந்தார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோன்.

"கேஸை மூடுறீங்களா?"

"மூடுறேன்."

"நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா?"

"இங்க எல்லாம் பாதுகாப்பா இருக்கு."

எல்லாம் பாதுகாப்பாகத்தான் இருந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. ரொட்டியை நின்றுகொண்டே தின்றார். கட்டிலில் பாதியில் படுத்தார். மறுபாதியின் விரிப்பில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

மனைவியின் தம்பிக்கு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் செல்ஃபோன் பழுதுபார்க்கும் கடை. ஒருநாள் சார்ஜர் வாங்கப் போனவரிடம், ஒரு ஃபோனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டே அவன் சொன்னான்:

"அக்கா இப்ப ஃபோன்ல கேம் ஆடுறா தெரியுமா அத்தான்? ஹாஸ்டல்ல கூட இருக்கிற பொண்ணுங்க பழக்கிவிட்டாங்களாம். பனிமலை, பூதம், ராஜா மந்திரின்னு ஒண்ணு. ஊருபட்ட ஜனம் உள்ள சுத்துது. டியூட்டி முடிஞ்சு ஏழு மணிக்கு டான்னு உள்ள போயிடுறா. அவ பேரு அங்க 'தும்பி'. அடிபட்டவனுக்கு மருந்து போடுற வேலை."

"வயசுக்கேத்த காரியமா இது?" என்றார் அதிகாரி. சார்ஜரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்கு வந்த இன்னொருவர் போகும்வரை காத்திருந்தார். பிறகு, "அது என்ன கேமு? சும்மா... ஆபத்தானதான்னு பாக்கணும்" என்றார்.

மச்சான் சிரிப்பை உதட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு அவர் ஃபோனில் அதை ஏற்றிக்கொடுத்தான்.

"நான்தான்னு அவளுக்குத் தெரியவேண்டாம்."

"நான் ஏன் அத்தான் சொல்லப்போறேன்? உடுப்பு விஷயம் மட்டும் சொல்லிடுறேன். அலமாரியத் தொட்டா ரெண்டு பொத்தான் வரும்..."

"டேய் மச்சான். உடுப்பைப் பத்தி எனக்கா? நான் இருபது வருஷமா ஊருக்கே உடுத்திவிடுறவன்."

"அதுவும் சரிதான்" என்று அவன் மறுபடியும் ஃபோனின் குடலுக்குள் குனிந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்து, கதவைத் தாழிட்டு, செருப்பைத் தாண்டி, நாற்காலியில் முதுகு நேராக உட்கார்ந்து அவர் தன்னைப் படைத்துக்கொண்டார். பெயர்: எஃகுவேந்தன். முகத்துக்கு ஒரு முறுக்கு மீசை. உயரத்தை மனசாட்சி அனுமதித்த அளவு கூட்டினார். உடம்புக்கு வந்தபோது கை தயங்கியது. மார்பை விரிக்கலாம், வயிற்றை உள்ளே தள்ளலாம் என்று விளையாட்டு ஆசை காட்டியது. விபத்து அறிக்கையில் ஒரு கீறலைக்கூட மறைக்காத மனிதர் அவர். தவிர, மேலே ஐந்து அடுக்கு வரப்போகிறது, எவன் பார்க்கப்போகிறான்? தொந்தியைத் தொந்தியாகவே விட்டார். தலைக்கவசம் இருக்கும் தைரியத்தில் வழுக்கையையும் வைத்தார். தழும்பு வேண்டுமா என்று கேட்டது. இடது தோளில் ஒன்று வைத்தார். கல்யாணமான புதிதில், அடுப்பைப் பத்திரமாகப் பற்றவைப்பது எப்படி என்று மனைவிக்குச் செய்துகாட்டும்போது பட்ட சூடு. அதற்கு அவள் ஊதி ஊதி மருந்து போட்டாள், ஊதும்போதே சிரித்தாள். தன் உடம்பில் அவருக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். இதை யாரிடமும் சொன்னதில்லை.

விளையாட்டு, புதிதாக வருகிற எல்லாருக்கும் மானத்தைக் காக்க ஓர் அரைக்கால் உள்ளாடையை இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. அதில் தன்னைப் பார்க்கச் சகிக்காமல் அவசரமாக அலமாரிக்குப் போனார். அங்கே கண்ட காட்சியில் அவர் கண் நனைந்தது. அடுக்குகள்! அடியில் பருத்திச் சட்டை. அதன்மேல் பஞ்சு தைத்த மெத்தை உடுப்பு. அதன்மேல் சங்கிலிச் சட்டை. அதன்மேல் எஃகுத் தகடு. எல்லாவற்றுக்கும் மேல் தரையைப் பெருக்கும் கறுப்பு மேலங்கி. இந்த விளையாட்டைச் செய்தவன் எந்த ஆலையிலாவது பாதுகாப்பு அதிகாரியாக இருந்திருக்க வேண்டும்.

ஒவ்வொன்றைத் தொட்டபோதும் இரண்டு பொத்தான்கள் வந்தன: 'அணிந்து பார்', 'அணி'. அவர் ஒருகணம்கூடத் தயங்கவில்லை. 'அணி' என்பது அவசரக்காரனுக்கு. முறையறிந்தவனுக்கு முதல் பொத்தான். ஐந்து அடுக்குக்கும் அதையே அமுக்கினார். ஐந்தும் ஒவ்வொன்றாக ஏறின. தலைக்கவசத்தையும் அப்படியே மாட்டியதும் கண்மட்டும்தான் தெரிந்தது. திரையில் நின்றவனைப் பார்த்து அதிகாரி தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

எஃகுவேந்தன் மலையடிவார ஊரின் சந்தைக்குள் நுழைந்ததும் கூட்டம் விலகியது. சிலர் சலாம் வைத்தார்கள். சிலர் தரையில் உருண்டார்கள். அது ஏதோ பழைய வீர வணக்கமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். வில்லேந்திய ஒருவன் பின்னாலேயே ஓடிவந்து ஒரு கம்பளியைக் காணிக்கையாகக் கொடுத்தான். வேந்தர் அதைக் கையை உயர்த்தி ஏற்று, மூட்டைக்குள் போட்டுக்கொண்டார். ஒரே நாளில் இவ்வளவு புகழா என்று அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆலையில் இருபது வருஷமாக ஒருவன் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை.

சத்திரத்து முற்றத்தில் தீ மூட்டி உட்கார்ந்திருந்தாள் தும்பி. பச்சை மேலங்கி, இடுப்பில் மருந்துப் பை. மனைவியைப்போல் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதிகாரியின் நெஞ்சு, பூட்டிய அறைக்குள் சுற்றும் விசிறியைப்போல் ஓடியது. அடையாளம் தெரியாதிருக்கச் செந்தமிழைத் துணைக்கு அழைத்து, ஒற்றை விரலால் தட்டினார்:

"வணக்கம், மருத்துவப் பெண்ணே. யாம் எஃகுவேந்தன்."

தும்பி எழுந்தாள். அவரை ஒருதடவை முழுதாகச் சுற்றி வந்தாள். இடது பக்கம் வந்ததும் நின்றாள். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வாங்க வேந்தே" என்று எழுத்து வந்தது. "குளிரலையா?"

"எஃகிற்கு ஏது குளிர்?"

"அதுவும் சரிதான். உக்காருங்க."

அன்றிலிருந்து ஏழு மணி என்பது அவருக்கு ஒரு நாளின் பெயராகிவிட்டது. ஆறே முக்காலுக்கே முகம் கழுவி, தலையில் இருக்கிற நாலு முடியைச் சீவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இருவரும் மலை ஏறினார்கள். வேந்தர் ஏற ஏற உரையாற்றினார்: அடுக்குகளின் தத்துவம், பருத்தியின் பெருமை, சங்கிலிச் சட்டையின் சூட்சுமம். "சொல்லுங்க வேந்தே" என்பாள் தும்பி. அரைவழியில் வேந்தர் நடுங்குவார், நீலம் பாரிப்பார், தொப்பென்று விழுந்து செத்துப்போவார். கரடிகூட வேண்டாம், முயல் முட்டினாலே போதும், செத்துவிடுவார். ஐந்து அடுக்கும் உடம்பில் மினுமினுத்துக்கொண்டிருக்கும், ஆள்மட்டும் இருக்கமாட்டார். இந்த விளையாட்டில் குளிரின் கணக்கு சரியில்லை என்று அவர் நிறுவனத்துக்கே புகார் எழுதினார்.

ஆனால் சாவில் ஒரு சுகமும் இருந்தது. ஒவ்வொரு தடவையும் தும்பி ஓடிவந்து பக்கத்தில் மண்டியிடுவாள். மருந்துப் பையைத் திறப்பாள். அவள் கையிலிருந்து ஒரு வெளிச்சம் வேந்தரின் இடது தோளில் இறங்கும். அங்கேதான் இறங்கும், எப்போதும். இந்தப் பக்கம் நாற்காலியில் அதிகாரி தன்னுடைய தோளைத் தடவிக்கொள்வார். பிறகு அவள் பனியில் தீ மூட்டுவாள். இருவரும் அதன் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள், பேசாமல். ஃபோனில் பேச ஒன்றும் இல்லாமல் போனவர்களுக்கு இங்கே பேசாமலிருக்க எவ்வளவோ இருந்தது.

குளிர்காலம் முடிகிற சமயம், மச்சான் ஆலை வாசலுக்கே வந்து நின்றான்.

"அத்தான், இன்னும் ரெண்டு வருஷம் இருன்னு அக்காவ அங்க கேக்குறாங்க. வெள்ளிக்கிழம பதில் சொல்லணுமாம்."

அதிகாரி ஹெல்மெட்டைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். "அது அவ தொழில். தடுக்க நான் யாரு?"

"தடுக்கவா சொல்றேன்? கூப்பிடச் சொல்றேன்."

"வயசான காலத்துல போய் அதெல்லாம்..."

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை அத்தான்."

"கேட்டுக்கு முன்னாடி வண்டிய நிறுத்தாத. தீயணைப்பு வண்டி வர்ற வழி" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். போனவர், கண்ணாடி போடாமலே கலவைப் பிரிவுக்குள் நுழைந்தார். அங்கே டிரம் உருட்டுகிறவர்தான் அவரை நிறுத்தி, "சார், நாலாவது அடுக்கு" என்றார்.

வியாழக்கிழமை ஏழு மணிக்குத் தும்பி வழக்கம்போல் வந்தாள். இருவரும் கணவாய்வரை ஏறினார்கள். வேந்தர் வழியில் இரண்டு தடவை செத்தார். அங்கே தீ மூட்டிய பிறகு அவள் எழுதினாள்:

"நாளைக்கு ஒரு முடிவு சொல்லணும் வேந்தே. இங்கயே இருந்துடவா, வீட்டுக்குப் போகவான்னு."

அவர் ஒற்றை விரலால் தட்டினார்: "நும் இல்லத்தார் யாது உரைக்கிறார்?"

"அவரா? என் வளர்ச்சிக்குக் குறுக்கே நிக்கமாட்டாராம்."

"அஃது ஒரு பெருந்தன்மை அன்றோ?"

"மண்ணாங்கட்டி. குறுக்கே நின்னிருந்தா நான் அவரைச் சுத்திக்கிட்டாவது போயிருப்பேன். நிக்கலையேன்னுதான் இன்னிக்கும் வலிக்குது. ஒரு மனுஷன் பொண்டாட்டிய வண்டி ஏத்திவிட வந்து விசில் ஊதக் கத்துக்குடுப்பானா? அந்த விசில் தலமாட்டுலதான் இருக்கு. எப்ப ஊதணும்னு சொன்னீங்களே, ஊதினா கேக்குமான்னு சொன்னீங்களா?"

'சொன்னீங்களே' என்று அவள் எழுதியதை அவர் கவனிக்கவில்லை. எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. திரையைச் சட்டையின் நுனியால் துடைத்தார். கலங்கல் திரையில் இல்லை. வாசல் பக்கம் பார்த்தார். குறுக்காகக் கிடந்த அந்த ஒற்றைச் செருப்பு. செந்தமிழில் ஒரு வாக்கியம் தொடங்கினார்: 'மனையாளின் பிரிவால்...' அழித்தார். 'பாதுகாப்பு கருதி...' அதையும் அழித்தார்.

"வந்துடு" என்று எழுதினார். "என்னால முடியல."

அனுப்பிய பிறகுதான், அதை எழுதியது எஃகுவேந்தன் அல்ல என்பது உறைத்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தார். ஓடினாலும் அரைவழியில் செத்துத்தான் விழவேண்டும்.

தீ எரிந்துகொண்டிருந்தது. பிறகு எழுத்து வந்தது, ஒவ்வொன்றாக.

"மாசக் கடைசில வர்றேன். அதுக்குள்ள என் செருப்புக்கு வார் தைச்சு வைங்க. ஓரமா வைங்க. தடுக்கி விழுந்ததைத் தம்பி சொன்னான்."

அதிகாரி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "எப்பத் தெரிஞ்சுது?" என்று தட்டினார்.

"முதல் நாளே."

முதல் நாளே! அவர் உடம்பு சிலிர்த்தது. ஐந்து அடுக்கு. பருத்தி, பஞ்சு, சங்கிலி, எஃகு, மேலங்கி. அத்தனையையும் ஊடுருவி அவள் பார்த்திருக்கிறாள். எந்த எந்திரத்துக்கு வரும் அந்தப் பார்வை? அன்புக்கு முன்னால் கவசம் எம்மாத்திரம் என்று திங்கட்கிழமை உரையில் ஒரு பத்தியைச் சேர்க்கவேண்டும் என்றுகூட நினைத்தார்.

"அஞ்சு அடுக்கையும் தாண்டி எப்படிடி கண்டுபிடிச்ச?"

"எந்த அஞ்சு அடுக்கு?"

"போட்டிருக்கேனே. ஒவ்வொண்ணா, முறைப்படி, அணிந்து பார்த்து."

அவள் எழுதினாள்:

"ஏங்க, 'அணிந்து பார்'னா கடைல கண்ணாடி முன்னாடி நின்னு வெச்சுப் பாக்கிற மாதிரி. அது உங்க ஃபோன்ல, உங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். 'அணி'ய அமுக்கினாத்தான் உடம்புல ஏறும். தெரிஞ்சுதான் இப்படி வர்றீங்கன்னு நெனச்சேன். ஒளிவுமறைவில்லாம வந்து நிக்கிறாரே மனுஷன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு. முதல் நாள் ஒரு படம் புடிச்சு வெச்சேன். ராத்திரில எடுத்து எடுத்துப் பாப்பேன். இருங்க, அனுப்புறேன்."

படம் வந்தது. சத்திரத்து முற்றம், தீ, பச்சை மேலங்கியில் தும்பி. அவளுக்கு எதிரில் வழுக்கைத் தலையும் தொந்தியும் இடது தோளில் தழும்புமாக, ஒரு கையை உயர்த்தி, எஃகுவேந்தன் உரையாற்றிக்கொண்டிருந்தான். இடுப்பில் அந்த இலவச உள்ளாடை மட்டும் இருந்தது.

அது இளஞ்சிவப்பு நிறம். வாத்துப் படம் போட்டது.